ஒரே நூல், இரண்டு தீர்வை



வணிகக் கொள்கையும் வட்டார ஒப்பந்தங்களும் உலக வணிகத்தை எப்படி நடத்துகின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பரந்த பொருள். எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனால் எதுவும் மனத்தில் நிற்காது. அதனால் ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொள்கிறேன்: வட்டக் கழுத்து வைத்த பருத்தி டி-ஷர்ட். சுங்க அட்டவணையில் அதன் எண் 6109. எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் இந்த நான்கு இலக்கம் மாறாது. மாறுவது அதற்கு எதிரே எழுதியிருக்கும் தீர்வை.

திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை ஒன்றிலிருந்து ஒரே நாளில் இரண்டு லாரி நூல் கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே பருத்தி, ஒரே முப்பதாம் நம்பர் கோம்ப்டு நூல். ஒரு லாரி திருப்பூருக்குப் போகிறது. இன்னொன்று தூத்துக்குடிக்குப் போய், கப்பலேறி, சிட்டகாங் வழியாக நாராயண்கஞ்சுக்குப் போகிறது. டாக்காவை ஒட்டிய அந்த ஊர் வங்கதேசத்தின் திருப்பூர். இரண்டு ஊரிலும் நூலைத் துணியாக்கி, சாயம் போட்டு, வெட்டி, தைத்து, அட்டைப்பெட்டியில் அடைத்து ஹாம்பர்க்குக்கு அனுப்புகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தச் சரக்கின் பொதுத் தீர்வை 12 சதவீதம். வளரும் நாடு என்ற முறையில் அதில் ஐந்தில் ஒரு பங்கு கழிவு பெற்று, பல ஆண்டுகளாக இந்தியச் சரக்கு 9.6 சதவீதம் கட்டியது. வங்கதேசச் சரக்குக்குத் தீர்வை பூஜ்யம்.

மூன்று யூரோ விலையுள்ள உருப்படிக்கு 9.6 சதவீதம் என்றால் ஏறக்குறைய 29 சென்ட். வெளியே இருப்பவர்களுக்கு இது சில்லறை. திருப்பூரில் உட்கார்ந்து பையரிடம் விலை பேசியவர்களுக்குத் தெரியும், இரண்டு சென்ட்டுக்காக ஆர்டர் கைமாறிப்போவது. பத்து லட்சம் உருப்படி கொண்ட ஆர்டரில் இந்த வித்தியாசம் மட்டும் 2,88,000 யூரோ. தையல்காரரின் கைத்திறனோ முதலாளியின் சாமர்த்தியமோ இதை ஈடுகட்ட முடியாது. இந்த வித்தியாசம் தறியிலோ தையல் மேசையிலோ உருவானதில்லை. ஒப்பந்தத் தாளில் உருவானது.

இது எப்படி நேர்ந்தது? 1947 அக்டோபர் 30 அன்று ஜெனீவாவில் 23 நாடுகள் கையெழுத்திட்ட 'காட்' எனும் தீர்வை, வணிகப் பொது உடன்பாட்டின் முதல் விதி, ஒரு நாட்டுக்குக் கொடுக்கும் சலுகையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கொடு என்கிறது. இந்தியாவும் அந்த 23இல் ஒன்று. அதே உடன்பாட்டின் 24ஆம் விதி, சில நாடுகள் தங்களுக்குள் சேர்ந்து ஏறத்தாழ எல்லா வணிகத்துக்கும் தீர்வையை நீக்கிக்கொண்டால், அந்தச் சலுகையை மற்றவர்களுக்குத் தர வேண்டியதில்லை என்கிறது. 1979இல் இன்னொரு வாசல் திறந்தது. பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு, பதிலுக்கு எதுவும் கேட்காமல், சலுகை தரலாம். இந்த இரண்டு விதிவிலக்குகளுக்குள்ளே இன்றைய உலக வணிகத்தில் கணிசமான பகுதி நடக்கிறது. வங்கதேசம் பெறும் பூஜ்யத் தீர்வை இரண்டாவது வாசல் வழியாக வந்தது. மிகவும் பின்தங்கிய நாடுகளிலிருந்து ஆயுதம் தவிர எல்லாச் சரக்கும் தீர்வையின்றி வரலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் அறிவித்த திட்டம் அது.

அந்தச் சலுகையை நான் குறை சொல்லவில்லை. வங்கதேசத்துப் பெண்கள் லட்சக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வந்து சொந்தச் சம்பளம் பார்த்ததில் அதற்குப் பங்கு உண்டு. நாராயண்கஞ்சின் வாயில் இருப்பதைப் பிடுங்கித் திருப்பூருக்கு ஊட்டுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. நான் கேட்பது வேறு. இந்த விதிகளை யார் எழுதுகிறார்கள், எந்த இடத்தில் எழுதுகிறார்கள், தைப்பவருக்கு அதில் என்ன சொல் இருக்கிறது என்பதுதான்.

இதைப் புரிந்துகொள்ள கோட்டாக் காலத்துக்குப் போக வேண்டும். நம் மாணவர்களில் பலர் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன கதை. ஆனால் இன்று எந்த ஊரில் தையல் இயந்திரம் ஓடுகிறது என்பதை அந்தக் கதைதான் முடிவுசெய்தது.

ஜப்பான், ஹாங்காங், கொரியா, தைவான் துணிகள் தங்கள் ஆலைகளை மூடவைக்கின்றன என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் 1961இல் பருத்தித் துணிக்கு மட்டும் ஓர் இடைக்கால ஏற்பாடு செய்தன. அது அடுத்த ஆண்டே நீண்டகால ஏற்பாடாயிற்று. 1974இல் கம்பளியும் செயற்கை இழையும் சேர்ந்து பல்லிழை உடன்பாடாக விரிந்தது. இந்த நாட்டிலிருந்து இந்த வகை உடை ஆண்டுக்கு இத்தனை உருப்படிதான் வரலாம் என்று நாடுவாரியாக, வகைவாரியாக எண்ணிக்கை வைத்தார்கள்; அதுதான் கோட்டா. தடையற்ற வணிகத்தை உலகத்துக்கே போதித்த நாடுகள், ஏழை நாடுகள் நன்றாகச் செய்யக்கூடிய ஒரே பொருளைத் தங்கள் போதனைக்கு வெளியே நிறுத்தின. நாற்பது ஆண்டுக்கும் மேல் அப்படியே நிறுத்திவைத்தன. இந்த அநியாயத்தைப் பாடப்புத்தகங்கள் ஒரு பத்தியில் கடந்துபோகும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

கோட்டா வைத்தவர்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கொரியாவின் கோட்டா நிரம்பிவிட்டது. தைக்க ஆள் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது, நடுவில் எண்ணிக்கை மட்டும் தடுக்கிறது. கொரியாவின் தேவூ நிறுவனம் கோட்டா இல்லாத நாட்டைத் தேடியது. வங்கதேசத்தில் நூருல் காதர் கான் என்பவர் தொடங்கிய தேஷ் கார்மெண்ட்ஸுடன் 1970களின் கடைசியில் ஒப்பந்தம் போட்டது. அங்கிருந்து 130 பேர் புசான் நகரத்துக்குப் போய்த் தையல், தரப் பரிசோதனை, ஏற்றுமதிக் காகித வேலை எல்லாம் பழகித் திரும்பினார்கள். சில ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் தேஷை விட்டு வெளியேறித் தாங்களே கம்பெனி தொடங்கினார்கள், அல்லது புதிய கம்பெனிகளை நடத்தப் போனார்கள். வங்கதேசத்தின் ஆடைத் தொழிலுக்கு விதை அங்கே விழுந்தது. 1985இல் அமெரிக்கா வங்கதேசத்துக்கும் கோட்டா வைத்தது. அதற்குள் தொழில் ஊன்றிவிட்டது.

இலங்கையிலும் இதேதான். 1977இல் பொருளாதாரத்தைத் திறந்தார்கள், 1978இல் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் வந்தது. ஹாங்காங் கம்பெனிகள் அங்கே வந்ததற்கு மலிவான கூலி ஒரு காரணம். நிரம்பாத கோட்டா இன்னொரு காரணம். எந்தப் பொருளியல் நூலும் இலங்கையில் சட்டை தைப்பது இயற்கை என்று சொல்லியிருக்காது. அங்கே பருத்தி விளையவில்லை, நூற்பாலையும் பெரிதாக இல்லை. எங்கோ வைத்த தடை இங்கே ஒரு தொழிலை உண்டாக்கியது.

திருப்பூரில் கோட்டா வேறு முகம் காட்டியது. 1978இல் தொடங்கிய ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம்தான் அதைப் பங்கிட்டது. முந்தைய ஆண்டுகளில் எவ்வளவு அனுப்பினாய் என்பதைப் பார்த்து இந்த ஆண்டின் பங்கு. கையில் கோட்டா இருப்பவர் அதை மாற்றிக்கொடுக்கலாம். அதற்கு ஒரு விலை உண்டு. சீசன் நேரத்தில் அந்த விலை ஏறும். ஆர்டர் பிடித்தவர் கோட்டாவுக்காக அலைந்தார். புதிதாக வந்தவர் நூலுக்கும் கூலிக்கும் முன்னால் கோட்டாவுக்குப் பணம் கட்டினார்.

1995இல் உலக வணிக அமைப்பு பிறந்தபோது பத்தாண்டில் கோட்டாவை நீக்குவதாக உறுதி தந்தார்கள். நீக்கிய விதத்தைப் பாருங்கள். 1995இல் 16 சதவீதம், 1998இல் 17, 2002இல் 18. மீதி 49 சதவீதம் கடைசி நாளான 2005 ஜனவரி 1 அன்று ஒரே அடியாக. முதலில் விடுவித்த பொருள்களைப் பெரும்பாலும் கோட்டாவே கட்டுப்படுத்தியதில்லை. கோட்டா உண்மையில் கட்டுப்படுத்திய உடைகளைக் கடைசிவரை பிடித்துவைத்திருந்தார்கள். அந்த ஆண்டே சீனத்து உடைகள் குவிந்ததும், ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் மறுபடி வரம்பு போட்டது. வழியில் இருந்த கோடிக்கணக்கான சீன உடைகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் முடங்கின. ஏற்கெனவே பணம் கட்டிய ஐரோப்பியக் கடைக்காரர்களே சத்தம் போட்ட பிறகுதான் அவை வெளியே வந்தன.

கோட்டா போயிற்று. அதன் இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பது தோற்றுவாய் விதி. தீர்வைச் சலுகை ஒரு நாட்டுக்கு என்றால், சரக்கு உண்மையிலேயே அந்த நாட்டில் உருவானதா என்று யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? அந்தத் தீர்ப்பைத்தான் இந்த விதி வழங்குகிறது. செய்தித்தாளில் தீர்வைச் சதவீதம் தலைப்பில் வரும். தோற்றுவாய் விதியோ ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில், நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடுவே, ஒரு வரியாகக் கிடக்கும். வணிகம் எந்தப் பக்கம் ஓடும் என்பதை முடிவுசெய்வது அந்த ஒரு வரிதான் என்பது என் உறுதியான கருத்து.

வட அமெரிக்காவில் 1994இல் நடைமுறைக்கு வந்த நாஃப்டா, உடைக்கு 'நூலிலிருந்து' என்று விதி வைத்தது. நூல் நூற்பதே வட அமெரிக்காவுக்குள் நடந்தால்தான் சட்டை தீர்வையின்றி எல்லை தாண்டலாம். மெக்சிகோவில் தைப்பவர் அமெரிக்க நூலை வாங்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஐரோப்பா தன் சலுகைத் திட்டத்தில் இரண்டு கட்ட மாற்றம் கேட்டது: பின்னலாடை என்றால் வந்த நூலைத் துணியாக்குவதும் அதைத் தைப்பதும் அந்த நாட்டிலேயே நடக்க வேண்டும். நாராயண்கஞ்சில் பின்னல் ஆலைகளும் சாயப்பட்டறைகளும் பெருகியதற்கு இந்த விதி முக்கியக் காரணம். நம் திண்டுக்கல் நூலும் இதனால்தான் அங்கே செல்லுபடியாயிற்று. நூல் வெளியிலிருந்து வந்தாலும் பரவாயில்லை, அதற்கு மேலுள்ள வேலை உள்ளே நடந்தால் போதும் என்றது விதி. 2011 ஜனவரி முதல், பின்தங்கிய நாடுகளுக்கு ஒரு கட்டம் போதும், தைத்தாலே போதும் என்று தளர்த்தினார்கள். சீனத்திலிருந்து துணியை வாங்கி வெட்டித் தைக்கும் கம்போடியாவுக்கு அன்றைக்குத்தான் வாசல் முழுதாகத் திறந்தது. சதவீதம் மாறவில்லை; முன்பும் பூஜ்யம், பின்பும் பூஜ்யம்.

இந்த விதி தொழிற்கூடத்தில் எப்படி இறங்குகிறது என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரையின் கீழ் உருவாவது குறைவு. நூல் ஒரு பக்கம் வாங்குவார்கள். நிட்டிங் ஒரு ஜாப் ஒர்க் கொட்டகையில். சாயம் வேறிடத்தில், காம்பேக்டிங் வேறிடத்தில், பிரின்டிங் இன்னோரிடத்தில். கட்டிங் ஆன பிறகு ஓவர்லாக், பேட்லாக் வேலை பவர்டேபிள் போட்ட ஒருவரிடம் போகும். செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிந்து பெட்டி கட்டும்போது சரக்கு ஏழெட்டு வாசல் ஏறி இறங்கியிருக்கும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு டெலிவரி சலான். கடைசியில் ஏற்றுமதியாளர் இன்வாய்ஸின் அடியில் ஓர் உறுதிமொழி எழுதுகிறார்: இந்தச் சரக்கு இந்தியாவில் உருவானது. பக்கத்தில் 'டபிள்யூ' என்ற எழுத்தும் 6109 என்ற எண்ணும் வரும். வெளியிலிருந்து வந்த மூலப்பொருள் இருந்தாலும் போதுமான வேலை இங்கே நடந்திருக்கிறது என்பது அந்த எழுத்தின் பொருள். சரக்கின் மதிப்பு 6,000 யூரோவைத் தாண்டினால், பதிவுபெற்ற ஏற்றுமதியாளர் மட்டுமே இதை எழுத முடியும். ஆதாரக் காகிதங்களைக் குறைந்தது மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் ஐரோப்பியச் சுங்கத்துறை கேள்வி கேட்கலாம்.

நூற்பிலிருந்து பேக்கிங் வரை ஒரே வளாகத்தில் நடத்தும் பெரிய ஆலைக்கு இது ஒரு குமாஸ்தாவின் வேலை. நான்கு மெஷின் வைத்திருக்கும் ஜாப் ஒர்க்காரருக்கு இது சுமை. அவருடைய சலான் சரியில்லை என்றால் முழு ஆர்டருக்கும் சலுகை போகும் என்று ஏற்றுமதியாளர் பயப்படுவார். மெல்ல மெல்ல வேலையைப் பெரிய இடத்துக்கு மாற்றுவார். சிறு பட்டறைகளின் ஊராக வளர்ந்த திருப்பூரைப் பெரிய ஆலைகளின் ஊராக மாற்றும் வலு இந்த விதிக்கு உண்டு. பேச்சுவார்த்தை நடந்த அறையில் அதை யாராவது நினைத்துப் பார்த்திருப்பார்களா?

இந்தியாவே கையெழுத்திட்டவற்றுக்கு வருவோம். 1998 டிசம்பர் 28 அன்று இலங்கையோடு செய்துகொண்ட ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சரக்கின் மதிப்பில் 35 சதவீதம் இலங்கையில் சேர்ந்து, சுங்க எண்ணின் நான்கு இலக்கமும் மாறினால் அது இலங்கைச் சரக்கு. இந்தியாவில் பாமாயிலுக்குத் தீர்வை அதிகம், இலங்கையில் குறைவு. உடனே வனஸ்பதி ஆலைகள் அங்கே முளைத்தன. முதலீடு பெரும்பாலும் இந்தியருடையதே. செம்பிலும் இதே கதை. பாமாயிலை இறக்குமதி செய்யும் தீவிலிருந்து வனஸ்பதியும், செம்புச் சுரங்கம் இல்லாத தீவிலிருந்து செம்பும் இந்தியாவுக்குள் பாய்ந்தன. இங்கிருந்து எதிர்ப்பு கிளம்பியது, வரம்பு வந்தது, ஆலைகள் மூடின. வேலை இழந்தவர்கள் இலங்கைத் தொழிலாளர்கள். வட்டார ஒப்பந்தம் புதிய வணிகத்தை உண்டாக்கலாம், இருக்கும் வணிகத்தை வெறுமனே திசை திருப்பவும் செய்யலாம் என்று பொருளியலாளர் ஜேக்கப் வைனர் 1950இல் எழுதினார். வனஸ்பதி இரண்டாவது வகை. அதே ஒப்பந்தத்தில் இலங்கை உடைக்கு ஆண்டுக்கு 80 லட்சம் உருப்படி என்று இந்தியா வரம்பு வைத்தது. அதில் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டியிருந்தது. கோட்டாவால் வதைபட்ட நாடு அண்டை வீட்டுக்குக் கோட்டா வைத்தது. வருத்தத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

நம் சொந்தத் தீர்வைகளையும் பேச வேண்டும். 2021 பட்ஜெட்டில் பருத்தி இறக்குமதிக்கு மொத்தத்தில் 11 சதவீதத் தீர்வை வந்தது. 2022இல் சில மாதம் நீக்கினார்கள், மறுபடி வந்தது, 2025 ஆகஸ்டில் மறுபடி நிறுத்திவைத்தார்கள். 2023இல் பாலியஸ்டர், விஸ்கோஸ் இழைகளுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை வந்தது. இறக்குமதிமீது போடும் வரி ஏற்றுமதிமீது போடும் வரிக்குச் சமம் என்று பொருளியலாளர் அப்பா லெர்னர் 1936இலேயே நிறுவியிருக்கிறார். வெளிநாட்டில் 9.6 சதவீதத்தைக் குறைக்கப் பல ஆண்டு பேசினோம்; அதே நேரத்தில் மூலப்பொருளின் விலையை நாமே ஏற்றினோம். பருத்தி விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்கான பணத்தை அரசு தன் கருவூலத்திலிருந்து தர வேண்டும், பனியன் கம்பெனியின் நூல் பில்லிலிருந்து எடுக்கக் கூடாது.

சலுகையோடு நிபந்தனை வரும்போது கேள்வி இன்னும் கடினமாகிறது. 1999இல் அமெரிக்கா கம்போடியாவோடு செய்த துணி உடன்பாடு, தொழிலாளர் நிலை மேம்பட்டால் கோட்டாவைக் கூட்டுவோம் என்றது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஆலைகளுக்குள் போய்ப் பார்த்தது. நான் அறிந்தவரை தொழிலாளிக்கு நேரடியாகப் பயன் தந்த அரிய ஏற்பாடு அது. தண்டிப்பதற்குப் பதிலாக வெகுமதி தந்தது. மறுபக்கம் வங்கதேசத்தைப் பாருங்கள். 2013 ஏப்ரல் 24 அன்று ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அமெரிக்கா தன் பொதுச் சலுகையை நிறுத்தியது. ஆனால் அந்தச் சலுகையில் ஆடைகள் முன்பும் இருக்கவில்லை. தண்டனை ஆடைத் தொழிலைத் தொடவே இல்லை.

இலங்கையின் கதை நமக்கு நெருக்கமானது. 2005இல் ஐரோப்பா நிபந்தனையோடு கொடுத்த 'ஜிஎஸ்பி பிளஸ்' என்ற கூடுதல் தீர்வைச் சலுகை 2010 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. குடிமை உரிமை, சித்திரவதைத் தடுப்பு, குழந்தை உரிமை ஆகிய மூன்று ஐ.நா. உடன்படிக்கைகளை நிறைவேற்றவில்லை என்பது காரணம். அந்தக் குற்றச்சாட்டுக்குப் பின்னால் உள்நாட்டுப் போரின் எத்தகைய துயரம் இருந்தது என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விலையைக் கட்டியது கட்டுநாயக்க, பியகம ஏற்றுமதி வலயங்களில் மெஷினில் உட்கார்ந்திருந்த கிராமத்துப் பெண்கள். கொழும்பில் முடிவெடுத்தவர்களின் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. 2017 மே மாதம் சலுகை திரும்பி வந்தது. அந்த ஏழு ஆண்டில் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன நீதி கிடைத்தது? நிபந்தனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. உரிமையைக் காக்கும் நிபந்தனை வேண்டும். அது தைப்பவரின் கூலியில் போய் முடியாதபடி வகுக்கும் அறிவு இன்னும் ஐரோப்பாவுக்கு வரவில்லை என்கிறேன்.

ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வருவோம். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்குக் கூடுதல் தீர்வையை 50 சதவீதமாக்கியது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீதம் இருந்தது, மொத்தம் 66.5 ஆயிற்று. வங்கதேசத்துக்கு அப்போது கூடுதல் 20தான். சென்ட் கணக்கில் பேசிச் சேர்த்த விலையெல்லாம் ஓர் உத்தரவில் அர்த்தமிழந்தது. எல்லோருக்கும் ஒரே தீர்வை என்ற 1947இன் முதல் விதியின் மதிப்பை அன்றைக்குத் திருப்பூர் உணர்ந்தது. அதில் ஆயிரம் ஓட்டைகள் இருந்தாலும், வலிமையானவர் கையைக் கட்டியது அந்த விதி ஒன்றுதான். வட்டார ஒப்பந்தங்கள் பெருகப் பெருக அந்தப் பொது விதியைக் காக்க ஆளில்லாமல் போயிற்று. தனித்தனி ஒப்பந்தங்களின் இடியாப்பச் சிக்கலைப் பொருளியலாளர் ஜகதீஷ் பகவதி 1995இலிருந்தே எச்சரித்துவந்தார்.

பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்று இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது. பிரிட்டனின் வரி எண்களில் 99 சதவீதத்தில் இந்தியச் சரக்குக்குத் தீர்வை நீங்கும் என்பது தலைப்புச் செய்தி. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2007இல் தொடங்கி, 2013இல் நின்று, 2022இல் மறுபடி தொடங்கிய பேச்சும் நமக்குத் தெரியும். வங்கதேசம் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேற ஐ.நா. பொதுச்சபை 2021இல் குறித்த நாள் 2026 நவம்பர் 24. அதன் பிறகும் மூன்றாண்டு ஐரோப்பியச் சலுகை தொடரும். ஆகவே நமக்கு வாய்ப்பு வருகிறது. அந்த வாய்ப்பு யார் கையில் சேரும் என்பதைப் பின்னிணைப்பின் அந்த ஒரு வரி முடிவுசெய்யும்.

அந்த வரியை எழுதும்போது நம்மை யார் கேட்கிறார்கள்? ஐரோப்பாவில் வணிக ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். பிரிட்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தில் 21 அமர்வு நாள் வைக்க வேண்டும். இந்தியாவில் ஒப்பந்தம் செய்வது மத்திய அரசின் நிர்வாக அதிகாரம். நாடாளுமன்ற வாக்கெடுப்பு தேவையில்லை. வெளிநாட்டு வணிகம் மத்தியப் பட்டியலில் இருப்பதால் மாநிலத்துக்கும் சொல் இல்லை. 2009இல் ஆசியான் ஒப்பந்தத்தின்போது ரப்பரும் மிளகும் என்னாகும் என்று கேட்க, கேரள மக்கள் சாலையில் கைகோத்து நிற்க வேண்டியிருந்தது. கையெழுத்து அதற்கு முன்பே ஆகிவிட்டது.

என் கோரிக்கை எளியது. உடைகளைப் பற்றிய 61, 62ஆம் அத்தியாயங்களுக்கு இந்தியா முன்வைக்கும் தோற்றுவாய் விதிகளை, கையெழுத்துக்கு முன்பே நாடாளுமன்றத்தின் வணிகத்துறை நிலைக்குழு பார்க்க வேண்டும். அவற்றைத் தமிழில் வெளியிட்டு, ஏற்றுமதியாளர் சங்கத்திடம் மட்டுமன்றி நிட்டிங், சாயம், பவர்டேபிள் சங்கங்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் எழுத்தில் கருத்துக் கேட்க வேண்டும். சிறு ஜாப் ஒர்க்காரரின் சலான்களைக் கட்டணமின்றிப் பதிந்து சரிபார்த்துத் தரும் பொது அலுவலகம் ஒன்றை மாநில அரசு திருப்பூரில் அமைக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இங்கே இருக்கும் பொருளியல், சட்ட மாணவர்கள் பிரிட்டன் ஒப்பந்தத்தின் தோற்றுவாய் அத்தியாயத்தை இந்தப் பருவத்திலேயே எடுத்துப் படித்து, பின்னலாடைக்கான வரிகளை மட்டுமாவது தமிழாக்கி, ஒரு பட்டறைக்காரரோடு உட்கார்ந்து, அவருடைய வேலைக்கு அது பொருந்துமா என்று வரி வரியாகக் கேட்டு எழுதுங்கள். அந்தக் குறிப்புகளை எனக்கு அனுப்பினால் நானும் சேர்ந்து படிக்கிறேன்.